மூன்றாவது வட்டம்

ஓடுபாதையில் படுத்திருந்த மாடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

தகரக் கொட்டிலின் நிழலில் பின்னேரத்து அசர் தொழுத பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பக்கீர் முகைதீனின் கை அப்படியே நின்றது. மாவடிப்பிட்டி விமானத் திடலுக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் வாச்சர். வெயிலில் காய்ந்த தாரின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுப்பதும், அவற்றை விரட்டித் தன் தொண்டை கட்டிப்போவதும் அவருக்குப் பழகிப்போன சங்கதி. அந்த மாடுகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து வரும் சின்னப் பிளேனின் இரைச்சல் மனிதக் காதுக்கு எட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்னரே அவை எழும்பிவிடும். கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழும்புவதுபோல, அவசரமில்லாமல் இரண்டு பக்கமும் விலகிப் போய் நிற்கும். அதைக் கண்டால் அவர் கொடியை எடுப்பார்.

ஆனால் பிளேன் வருவது நின்று முப்பத்தாறு நாளாகிவிட்டது.

மாடுகள் தலையைத் தூக்கிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அறுத்த வயல்களின் வைக்கோல் வாசமும், எங்கோ எரிந்த குப்பையின் புகையும், தாரின் சூடும் கலந்து வந்தன. ஒரு சத்தமும் இல்லை. பக்கீர் முகைதீன் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துவிட்டு மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு மாடுகூடத் தாரில் கால் வைக்கவில்லை.

அந்தத் திடலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. யுத்தகாலத்தில், யப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில், நிந்தவூருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்டது. யப்பான்காரன் வரவில்லை, வெள்ளைக்காரனும் போய்விட்டான், நரிகள் வந்து குடியிருந்தன. பிறகு நம்முடைய அரசாங்கம் பற்றையை வெட்டித் தார் ஊற்றி, பொதுமக்கள் பாவனைக்கு என்று பலகை நட்டது. திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் எவருடைய விமானமும் இறங்கலாம். எவரிடம் விமானம் இருந்தது என்பது வேறு கதை. கடைசியில் திங்களும் வியாழனும் பின்னேரம் எட்டுப் பேர் ஏறும் ஒரு பிளேன் வரத் தொடங்கியது. அதைப் பார்க்கக் கல்முனையிலிருந்தும் ஆட்கள் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து ஊரே தரைமட்டமானபோது மாவும் பிஸ்கட்டும் அந்தத் தாரில்தான் வந்து இறங்கின.

ரேடியோவும் கோபுரமும் பெரிய ஊர்களுக்கு. இங்கே ஒரு கம்பமும் இரண்டு கொடியும்தான். வெள்ளை காட்டினால் இறங்கலாம். சிவப்புக் காட்டினால் இறங்கக்கூடாது.

இன்னொரு பாவனையும் இருந்தது. அது பலகையில் எழுதப்படவில்லை. கதிரைச் சூடு அடித்து எடுத்த நெல்லைக் காயவைக்க அந்தத் தாரைப்போல ஓர் இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. பிளேன் வராத நாட்களில் விடியலிலேயே நெல்லைக் கொண்டுவந்து பரப்புவார்கள். வரும் நாட்களிலும் மத்தியானம்வரை பரப்பிவிட்டு, பக்கீர் முகைதீன் கொட்டிலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் அடித்ததும் பலகையால் தள்ளி, சாக்கில் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். திணைக்களத்தின் தடை அறிவித்தல் பலகைக்குக் காலடியிலேயே நெல் காயும். பதினான்கு வருடத்தில் ஒரு நெல்மணிகூட டயரில் பட்டதில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது.

பெப்ரவரியில், அறுவடை நேரத்தில், நான்கு நாள் விடாத மழை. குவித்து வைத்த நெல் குவியலிலேயே முளைவிடத் தொடங்கியது. ஐந்தாம் நாள் திங்கட்கிழமை வெயில் வந்தது. பத்து மணிக்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து சொன்னான்: "காக்கா, கொழும்பில நல்ல மழையாம். இண்டைக்குப் பிளேன் இல்ல." அவர் சந்தோஷமாகத் தண்டவாளத்தில் அடித்து ஊரைக் கூப்பிட்டார். அன்று ஓடுபாதை முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நெல். அதில் இரண்டு சாக்கு அவருடையது.

ஐந்து மணிக்குப் பிளேன் வந்தது. கொழும்பில் மழை விட்டதும் கிளம்பியிருக்கிறார்கள், யாரும் அறிவிக்கவில்லை. நெல் கிடந்ததால் தாரில் மாடுகளும் இல்லை, முன்கூட்டித் தெரிய வழியில்லை. முதல் வட்டத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இரண்டாவது வட்டத்தில் பலகையாலும் பாயாலும் வெறும் கையாலும் நெல்லைத் தள்ளினார்கள். உதிரி நெல்லில் சக்கரம் பட்டால் வழுக்கிப் புரண்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தார். மட்டக்களப்புக்குப் போய் இறங்கட்டும் என்று நினைத்தார், வேறொன்றும் நினைக்கவில்லை. மூன்றாவது வட்டம் மிகத் தாழ்வாக வந்தது. கடைசி ஜன்னலில் ஒரு சின்னக் கை ஆடியது. விவரம் தெரியாத பிள்ளை என்று எண்ணி அவர் கொடியை இன்னும் வேகமாக ஆட்டினார். பிளேன் கடல் பக்கம் திரும்பி, கறுத்துக் கிடந்த மேகத்துக்குள் போனது.

அது எங்கேயும் இறங்கவில்லை.

அந்தக் கை தன் மகள் றம்ஸியாவினது என்று மறுநாள்தான் அவருக்குத் தெரியவந்தது. எட்டு வயது. பிறவியிலேயே வலது கால் வளைந்த பிள்ளை. தாய்மாமன் மசூரோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மாதம் இருந்து, காலை நேராக்கிக்கொண்டு, தன்பாட்டில் படியில் நடந்து இறங்க வந்தவள். அவள் அடுத்த கிழமைதான் வருவாள் என்று அவர் நினைத்திருந்தார். தன் கையால் தன் பிள்ளையைத் துரத்திவிட்டார்.

முப்பத்தேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாடுகள் மறுபடி எழுந்தன. இம்முறை சத்தமும் வந்தது. முதலில் தேன்கூட்டுக்குள் காதை வைத்ததுபோல ஒரு முனகல், பிறகு அது பெருத்து, கொட்டில் தகரத்தை நடுங்கவைத்துக்கொண்டு தலைக்கு மேலே ஒருமுறை கிறுகிப் போனது. வானத்தில் ஒரு கொக்குகூட இல்லை. வரம்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த இருவர் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவர் ஈர்க்குமாறை எடுத்தார். ஓடுபாதையின் வெடிப்புகளில் சிக்கிக் கிடந்த பழைய நெல்லையெல்லாம் முனையிலிருந்து முனைவரை கூட்டினார். நகத்தாலும் கிண்டி எடுத்தார்.

புதன்கிழமை சைக்கிளில் பள்ளிவாசல் லெப்பை அச்சிமுகம்மது வந்தார். கூட்டிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கீர், வெள்ளிக்கிழமையோட நாப்பதாகுது. கடல்ல போன மையத்து கிடைக்காட்டி, தூரத்தில நிண்டே காயிப் ஜனாஸா தொழுது அனுப்புறதுக்கு நமக்கு வழியிரிக்கி. மத்த வீட்டாக்களெல்லாம் ஓம் எண்டுட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி."

"புள்ள இன்னும் இறங்கல்ல லெப்பை."

"என்ன?"

"இறங்காத புள்ளைக்கு எப்புடி ஜனாஸா தொழுற? தொழுதா மவுத்தாப் போயிடுவா."

லெப்பை அவர் தோளைத் தொட்டார், ஏதோ ஓதி முகத்தில் ஊதினார், போய்விட்டார். அவருடைய சைக்கிள் வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, வெறிச்சோடிய வானத்தின் கீழே, தாரின் மேல் ஒரு நிழல் ஓடியது. இரண்டு சிறகும் ஒரு வாலும் உள்ள நிழல். அது கடல் முனையில் ஏறி, அவருடைய காலைக் கடந்து, மறு முனையில் இறங்கியது. காலைக் கடந்தபோது பாதம் சில்லிட்டது. பிறகு இன்னொரு தரம் வந்தது. அன்றைக்கு இரண்டு வட்டம். அது போன பாதையில், சுட்டுக்கொண்டிருந்த தாரில், ஈரப் பொட்டுகள் விழுந்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

வியாழக்கிழமை அவர் அதைக் கண்ணால் கண்டார்.

கடல் பக்கத்து மங்கலில் இருந்து அது வந்தது. வெள்ளைப் பிளேன், வயிற்றில் பாசி. இரைச்சலுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டது, நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதுபோல. முதல் வட்டம் தென்னைக்கு மேலே. இரண்டாவது கம்பத்துக்கு மேலே. மூன்றாவது வட்டத்தில் கொட்டிலின் கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து பறந்து வயலுக்குள் போய்க் குத்தியது. பொய்யான சாமானுக்குத் தகரத்தைப் பிய்க்க முடியாது. அவர் நிலத்தில் விழுந்து கிடந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அது கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பயத்தில் அவருடைய சாரன் நனைந்திருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே அவருக்கு ஒன்று விளங்கியது. அது இறங்கப் பார்க்கிறது. பாதை வெறுமையாகத்தான் கிடக்கிறது. வெள்ளை காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கவே அவர் விரும்பவில்லை. என்ன இருந்தாலும் அது தன் பிள்ளை. நடந்து இறங்கட்டும்.

மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது மனைவி நதீரா அடுப்படியில் நெருப்பில்லாத அடுப்புக்கு முன்னால் இருந்தாள். நாற்பது நாளாக இருவருக்கும் நடுவில் பேச்சு மிகக் குறைவு.

"நாளைக்குத் தொழச் செல்லிட்டன்," என்றாள்.

"ஒரு நாள் பொறு நதீரா. நாளைக்கு ஒரு நாள். நான் இறக்கிடுவன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுது அழுது கண் இரப்பை தடித்திருந்தது. "நான் ஒங்களுக்கு ஒண்டு செல்லணும். செல்லாம வெச்சி வெச்சி நெஞ்சு வெடிக்கி. அண்டைக்கு விடியக் காலத்தால தந்தி வந்த. பின்னேரப் பிளேனில வாறம் எண்டு மசூர் அடிச்சிருந்தான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பாக்குச் செல்லாதீங்க உம்மா, நான் படியில நடந்து வாறதக் கண்டு அவர் மலைச்சி ஏங்கிப் போகணும் எண்டு புள்ள முந்தின கடிதத்திலயே எழுதியிருந்தா. நான் தந்திய மறைச்சி வெச்சிட்டு வட்டிலப்பம் அவிச்சன். பிளேன் இல்லயெண்டு நீங்க பின்னேரம்வரைக்கும் நெல்லுக் காயப்போடுறது எனக்கி எப்புடித் தெரியும்? ஒரு சொல்லுச் செல்லியிருந்தா…"

பக்கீர் முகைதீனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் போய் இருந்து அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் பிறந்த குழந்தையைப்போல ஏங்கி ஏங்கி அழுதாள்.

"அது எங்கேயோ குளிரில கெடக்கு," என்றாள். "தொழுது அனுப்புவம். விடுங்க என்ட புள்ளய."

அவர் அவளுடைய தலையைத் தடவினார். நாளை மத்தியானம் ஜும்ஆ முடிந்து பள்ளிக்குள்ளேயே தொழுதுவிடுவார்கள் என்று நினைத்தார். தொழுதாலும் பரவாயில்லை, பின்னேரம் இறக்கிவிடலாம்.

வெள்ளிக்கிழமை, அசர் தொழுத கையோடு கம்பத்தில் வெள்ளைக் கொடியை ஏற்றிக் கட்டினார். சிவப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார், பழக்கதோஷம். ஓடுபாதையைக் கடைசியாக ஒருமுறை கூட்டினார். ஒரு நெல்மணி இல்லை. ஒரு கல் இல்லை. மாடுகளையும் அவரே தூர ஓட்டிவிட்டார். பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளையின் பதற்றம் அவருக்கு, அதோடு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனின் பதற்றமும்.

அப்போது வாய்க்கால் கரையில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் வந்தார்கள்.

நூறு. இருநூறு. அதற்கும் மேலே. முன்னால் லெப்பை. சாய்ந்தமருதிலிருந்து, மருதமுனையிலிருந்து, பிளேனில் போனவர்களின் வீட்டுக்காரர்கள், அவர்களுடைய ஊர்க்காரர்கள். பெண்கள் சிலர் தூரத்து மர நிழலில் ஒதுங்கினார்கள். அவர்களில் நதீராவும் நின்றாள்.

"இவ்வளவு சனம் பள்ளிக்க கொள்ளாது பக்கீர்," என்றார் லெப்பை. "அதுகள் வந்து இறங்க இருந்த இடம் இதுதானே. இஞ்சயே தொழுவம் எண்டு எல்லாரும் ஆசப்பட்டாங்க."

"தாரில நிக்காதீங்க!"

"நீங்க வாங்க. ஸப்பில வந்து வரிசையா நில்லுங்க."

"பிளேன் வருகுது லெப்பை! வாற நேரம்! அங்கால வயலுக்க நில்லுங்க, ஒங்களக் கும்புட்டுக் கேக்கன்!"

இரண்டு பேர் அவருடைய கையை அன்பாகப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாவம் மனிதர், என்று யாரோ சொன்னது கேட்டது. கூட்டித் துப்புரவாக்கிய தாரில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளோடு தோள் சேர்த்து, வரிசை வரிசையாக நின்றார்கள். ஓடுபாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு மனிதர்கள்.

"அல்லாஹு அக்பர்."

முதல் தக்பீர். இருநூறு பேரின் கைகளும் காதுவரை உயர்ந்து நெஞ்சில் கட்டப்பட்டன. இனி அவர்கள் அசையமாட்டார்கள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்கள். ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை. நின்றது நின்றபடி.

முனகல் கேட்டது.

கடல் பக்கம். வெள்ளைப் புள்ளி. முதல் வட்டம்.

"வருகுது!" என்று கத்தினார். "விலகுங்க! ஓடுங்க!" வரிசைகளுக்கு நடுவில் ஓடி ஒருவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர். பிளேனில் போன ஒருவரின் தகப்பன்.

"அல்லாஹு அக்பர்."

இரண்டாவது வட்டம். வெள்ளைக் கொடியைக் கண்டுவிட்டது. மூக்கைத் தாழ்த்தியது. சக்கரம் இரண்டும் வெளியே வந்தன. அவற்றிலிருந்து பாசி தொங்கியது. தொப்பிகள் காற்றில் பறந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

கம்பம். அவர் கம்பத்துக்கு ஓடினார். முடிச்சு. தன் கையால் போட்ட முடிச்சு. விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வெள்ளை சரிந்து விழுந்தது.

இடுப்பில் சிவப்பு.

அதில் கை வைத்ததும் நின்றுவிட்டார். இன்னொரு தரமா. யா அல்லாஹ், இன்னொரு தரம் என்னைக்கொண்டா. வெள்ளையை மறுபடி தூக்கினால் போதும். பிள்ளை இறங்கிவிடுவாள். நடந்து இறங்குவாள். அவளுக்கு முன்னால் இருநூறு பேர். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

"அல்லாஹு அக்பர்."

மூன்றாவது வட்டம். ஓடுபாதையின் முனைக்கு வந்துவிட்டது. சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவில் ஒரு முழம்.

பக்கீர் முகைதீன் சிவப்பைத் தூக்கினார்.

இரு கையாலும் தூக்கினார். வாயைப் பிளந்து அழுதுகொண்டு ஆட்டினார். மர நிழலிலிருந்து நதீரா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன செய்றீங்க! ஆருக்குக் காட்டுறீங்க! அங்க ஒண்டுமில்ல! கைய இறக்குங்க!" அவர் இறக்கவில்லை.

பிளேன் மூக்கைத் தூக்கியது. முன்வரிசையின் தலைகளுக்கு மேலாக, மெதுவாக, நம்ப முடியாத மெதுவாக, அவரைக் கடந்தது. கை எட்டும் தூரம். ஜன்னல்கள் கண்ணுக்கு நேரே வந்தன.

உள்ளே தண்ணீர். கூரைவரை தண்ணீர். பச்சைத் தண்ணீர்.

அதற்குள் அவர்கள் இருந்தார்கள், தங்கள் தங்கள் இருக்கையில், பட்டி கட்டியபடி. கண் திறந்திருந்தது. மசூர். அவனுக்குப் பக்கத்தில், கடைசி ஜன்னலில், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, றம்ஸியா. அவளுடைய தலைமயிர் தண்ணீரில் எழுந்து மெல்ல ஆடியது. நாற்பது நாள் கடல் அந்த முகத்தைத் தின்றிருந்தது. உதடு இருக்க வேண்டிய இடத்தில் பல் மட்டும் இருந்தது. அவள் அவரைக் கண்டாள். கொடி பிடித்த வாப்பாவைக் கண்டாள்.

சிவப்புக்கு அர்த்தம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.